ரத்தம் பொய் சொல்லுமா?

எண்ணூருக்கு வடக்கே இருக்கிறது காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவே துறைமுகம், கப்பல் கட்டும் தளம். கடல் நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலை ஒன்றும் அங்கே இருக்கிறது. பெயர் என்னவோ மீஞ்சூர் ஆலை. இருக்கும் இடம் காட்டுப்பள்ளி! 2010-ம் ஆண்டில் திறந்தார்கள். நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் தண்ணீர் தரும் அளவுக்குக் கட்டியது.

அந்தப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் என் சித்தி இருக்கிறாள். வயது 47. மீன் விற்பவள். தலையில் கூடையை வைத்துக்கொண்டு எத்தனையோ மைல் நடந்தவள். அப்படிப்பட்டவளுக்குச் சென்ற ஆண்டு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. கூடையைத் தூக்கினால் கண் இருட்டியது.

மீஞ்சூரில் ஒரு டாக்டரிடம் போனாள். அவர் பார்த்தார். "ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் அம்மா. நாளைக் காலை வெறும் வயிற்றில் போங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இனிமேல்தான் கதை.

தேநீர் சாப்பாடா?

மறுநாள் விடியற்காலை. சித்தி கிளம்பினாள். சாலை முழுவதும் பெட்டி லாரிகள். துறைமுகத்துக்குப் போகிற லாரியும் வருகிற லாரியும் மாறி மாறி நின்றால் ஷேர் ஆட்டோ என்ன செய்யும்? ஒரு டீக்கடை ஓரமாக நின்றது. சித்தி இறங்கினாள். சர்க்கரை போட்ட தேநீர் ஒன்று குடித்தாள். கூடவே இரண்டு பொறையும் நனைத்துத் தின்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து லேப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே இருந்த பெண், "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்டாள்.

"இல்லை கண்ணு" என்றாள் சித்தி.

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் சாப்பாடு என்றால் சோறு. தேநீர் சாப்பாடா, என்ன?

ரப்பர் பட்டையைக் கையில் கட்டி, ஊசி குத்தி, இரண்டு சின்னக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள். சித்திக்கு மனசு பதறிவிட்டது. பிறகு என்னிடம் சொன்னாள்: "ஏண்டா, இருக்கிற ரத்தத்தை எல்லாம் உறிஞ்சிட்டா நான் எப்படிடா கூடை தூக்குவேன்?"

பல தாய்மார்களுக்கு இந்தப் பயம் உண்டு. பயமே வேண்டாம். வயதுவந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. பெண்களுக்குச் சற்றுக் குறைவு. சோதனைக்கு எடுப்பது ஒரு குழாய்க்கு 2 முதல் 5 மில்லி. அதாவது மிஞ்சிப்போனால் ஒரு தேக்கரண்டி! அந்த அளவை உடம்பு சீக்கிரமே ஈடுகட்டிவிடும்.

138!

மாலையில் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிப் பார்த்தான். "வெறும் வயிற்றுச் சர்க்கரை 138" என்றான்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்குள் இருக்க வேண்டும். 126-ம் அதற்கு மேலும் வந்து, மறுபடி பார்த்தாலும் அப்படியே இருந்தால் நீரிழிவு. ஆகவே 138 என்றதும் வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று.

அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது அது. தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 100 பேரில் 14 பேருக்கு! எந்தத் தெருவிலும் ஒருவர் காலை இழந்திருப்பார், அல்லது கண் மங்கியிருப்பார். சித்திக்கு அவர்கள் முகமெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

டாக்டரிடம் திரும்பப் போனாளா? அதுதான் இல்லை! "சர்க்கரைன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னும் எதுக்கு அவருக்குப் பணம்?" என்று இருந்துவிட்டாள். ஊரெல்லாம் டாக்டர் ஆயிற்று. ஒருத்தி பாகற்காய்ச் சாறு குடி என்றாள். ஒருத்தி சிறுகுறிஞ்சான் பொடி கொண்டுவந்து கொடுத்தாள். சோற்றைத் தொடாதே என்றார் ஒரு பெரியவர். மீன் சூடு, கறி கூடாது என்று இன்னொருவர்.

சித்தி 10 நாள் ஒரு வேளைச் சாப்பாட்டோடு கிடந்தாள். பதினோராம் நாள் உப்பங்கழி ஓரம் நடந்து வரும்போது மயங்கி உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேளை, பக்கத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் போனேன்.

காகிதத்தின் மேல் வரி

"அந்த ரிப்போர்ட்டைக் கொடு, பார்க்கலாம்" என்றேன். அரிசிப் பானைக்குள் மடித்து வைத்திருந்தாள்!

பார்த்தேன். 138 இருந்தது, மை தடித்து. ஆனால் அதற்கு மேலே இன்னொரு எண்ணும் மை தடித்து இருந்தது. ஹீமோகுளோபின் 8.4. அதை யாருமே பார்க்கவில்லை. சர்க்கரை என்ற சத்தத்தில் அது காதில் விழவில்லை.

வாசகர்களே, இங்கே ஒரு விஷயம். ரிப்போர்ட் இங்கிலீஷில் இருக்கிறதே என்று மலைக்காதீர்கள். எண் தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி. நமக்கு வந்த அளவு ஒரு பத்தியில் இருக்கும். வலது பக்கத்தில், சரியான அளவு எதிலிருந்து எதுவரை என்று போட்டிருப்பார்கள். இரண்டையும் ஒத்துப் பாருங்கள். அளவு மீறியதைப் பெரும்பாலும் தடித்த எழுத்தில் போடுவார்கள், அல்லது பக்கத்தில் ஒரு குறி வைப்பார்கள். நோய் என்ன என்று அதை வைத்து நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் "டாக்டர், இந்த வரி ஏன் தடிப்பாக இருக்கிறது?" என்று கேட்கலாம் அல்லவா?

ஹீமோகுளோபின் என்பது ரத்தத்தின் சிவப்பு. இரும்புச் சத்து கலந்த பொருள் அது. நாம் இழுக்கும் மூச்சில் இருந்து பிராணவாயுவை வாங்கி, உடம்பு முழுவதும் சுமந்துகொண்டு போவது அதுதான். பெண்களுக்கு அது 12-க்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிக்கு 11. ஆண்களுக்கு 13. சித்திக்கு 8.4! கூடை சுமக்கிறவளுக்குள், மூச்சைச் சுமக்க ஆள் இல்லை. படி ஏறினால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

இது சித்தி ஒருத்தியின் சங்கதியும் அல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்த சோகை இருந்தது. ஆனால் சர்க்கரைக்குப் பயப்படுகிற வீடுகளில் சோகைக்கு யார் பயப்படுகிறார்கள்? "பொம்பளைன்னா கொஞ்சம் அசதியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆண்பிள்ளைக்கு இதே 8.4 வந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம்.

மறுபடியும் லேப்புக்கு

இரவு எட்டு மணிக்குச் சித்தியைச் சாப்பிடச் சொன்னேன். பிறகு தண்ணீர் தவிர ஒன்றும் கிடையாது. காலையில் தேநீரும் இல்லை, வெற்றிலையும் இல்லை. "வெத்திலை கூடவா?" என்று சண்டைக்கு வந்தாள். வெறும் வயிறு என்றால் 8 மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடக் கூடாது. காபி, தேநீர், பீடி, புகையிலை எல்லாம் இதில் அடக்கம். தண்ணீர் குடிக்கலாம். குடித்தால் நல்லது, நரம்பு எளிதில் கிடைக்கும். வழக்கமாக மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் முதல் நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

லேப் திறக்கும் முன்பே போய்விட்டோம். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். துறைமுகத்து வேலைக்குச் சேரப்போகிற வடநாட்டு வாலிபர்கள் மூன்று பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஒரு சின்னக் குழந்தை ஊசியைப் பார்ப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டது. அதன் தாயும் சேர்ந்து அழுதாள்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் இருவரும் எழுந்தார்கள்! லேப் பெண் கெட்டிக்காரி. இருவரின் வயதையும் தகப்பனார் பெயரையும் கேட்டாள். குழாயில் சீட்டு ஒட்டிய பிறகு அவர்களிடமே காட்டினாள். எனக்கு இது பிடித்திருந்தது. சோதனைகளில் வரும் தவறுகளில் பாதிக்கும் மேல், ரத்தம் இயந்திரத்துக்குப் போகும் முன்பே நடந்துவிடுகின்றன என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். பெயர் மாறுவது, வயிறு வெறுமையாக இல்லாதது, குழாய் மாறுவது, குழாய் வெயிலில் கிடப்பது இப்படி.

சித்தியின் முறை வந்தது. "சாப்பிட்டீங்களா அம்மா?"

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இன்னிக்கு இல்லை கண்ணு. அன்னிக்கு டீ குடிச்சேன். பொறை துன்னேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அப்பவே சொல்லியிருந்தா அன்னிக்கு எடுத்திருக்கவே மாட்டேனே அம்மா!"

மூடியின் நிறம்

குழாய் மூடிகள் ஏன் வேறு வேறு நிறம் என்று கேட்டேன். அழகுக்கு என்று நினைத்தீர்களா? இல்லை. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாதபடி ஒரு மருந்து இருக்கிறது. அணுக்களை எண்ணுவது அதில். சாம்பல் நிற மூடியில் வேறு மருந்து. அது சர்க்கரைக்கு. சிவப்பு, மஞ்சள் மூடிகளில் ரத்தத்தை உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரை எடுத்துச் சோதிப்பார்கள்.

சர்க்கரைக்கு ஏன் தனிக் குழாய்? இது வேடிக்கையான சங்கதி. உடம்பை விட்டு வந்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றுக்குப் பசிக்கும்! குழாயில் உள்ள சர்க்கரையை அவை தின்றுகொண்டே இருக்கும். வெறும் குழாயில் வைத்தால் மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை சர்க்கரை குறைந்துபோகும். சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் மருந்து அந்தத் தீனியை நிறுத்துகிறது. அதுவும் உடனே அல்ல, கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆகவே ரத்தம் எடுத்த இடத்துக்கும் சோதிக்கும் இடத்துக்கும் தூரம் அதிகமானால், வழியில் லாரி நெரிசலும் வெயிலும் சேர்ந்தால், கணக்கு மாறலாம். காட்டுப்பள்ளி போன்ற கோடி ஊர்க்காரர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. "இங்கேயே பார்ப்பீர்களா, வெளியூர் அனுப்புவீர்களா? பெட்டியில் ஐஸ் இருக்கிறதா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு லேப் பாருங்கள்.

அணுக்களை எண்ணும் இயந்திரத்தையும் காட்டினார்கள். ஒரு குண்டூசித் தலை அளவு ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் 40, 50 லட்சம் இருக்கும். முன்பெல்லாம் உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒரு சிறு கட்டத்துக்குள் இருப்பதைக் கண்ணால் எண்ணி, பெருக்கிக் கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் வாலஸ் கூல்ட்டர் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். 1953-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மிக நுண்ணிய ஒரு துவாரம். அதன் வழியே மின்சாரம் ஓடுகிறது. ஒவ்வொரு அணுவும் நுழையும்போது மின்சாரம் ஒரு கணம் தடைபடும். ஒரு தடை, ஓர் அணு! துறைமுக வாசலில் லாரிகளை ஒவ்வொன்றாக விட்டு எண்ணுகிற மாதிரிதான். பெரிய பெட்டியா, சின்னப் பெட்டியா என்பதும் தெரிந்துவிடும். சித்தியின் அணுக்கள் எண்ணிக்கையிலும் குறைவு, உருவத்திலும் சிறியவை. இரும்புச் சத்து இல்லாவிட்டால் அப்படித்தான் இருக்கும்.

ரயிலில் போன ரத்தம்

எங்கள் குழாய்களில் ஒன்றை ஐஸ் பெட்டியில் வைத்துப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் சோதனைக்காக. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு ஒரு பெட்டி நினைவுக்கு வந்தது.

1986-ம் ஆண்டு. எய்ட்ஸ் நோய் அமெரிக்காவில்தான் என்று எல்லோரும் நினைத்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் என்ற பேராசிரியை. அவரிடம் படித்த மாணவி நிர்மலா. நம் ஊரிலும் அந்தக் கிருமி இருக்கிறதா, பார்த்துவிடலாம் என்று இருவரும் துணிந்தார்கள். நிர்மலா பெண்கள் பலரிடம் ரத்தம் எடுத்தார். வைக்க இடம்? தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்தார்! சென்னையில் அந்தச் சோதனை செய்ய வசதி இல்லை. ஆகவே கணவர் துணையோடு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரவு ரயிலில் வேலூருக்குப் போனார். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். ஆறு குழாய்கள் மஞ்சளாக மாறின. கிருமி இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. மறுபடியும் ரத்தம் எடுத்து, அமெரிக்காவில் சோதித்து உறுதி செய்தார்கள். இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பது இப்படித்தான் தெரியவந்தது.

ஒரு முறை பார்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே மறுபடி எடுத்து, வேறு முறையிலும் பார்த்துத்தான் சொன்னார்கள். நாம் ஒரு 138-ஐப் பார்த்துவிட்டு, 10 நாள் பட்டினி கிடந்தோம்.

சொல்லாத சேதி

இரண்டாவது ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. மூன்று மாதக் கணக்கு 6.0. ஹீமோகுளோபின் 8.2, பட்டினியில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இந்தத் தடவை பெண் டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சர்க்கரை எல்லையில் நிற்கிறது. நோய் என்று இப்போது சொல்ல முடியாது. இந்த 6.0 கூட முழுக்க நம்பும்படி இல்லை. இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் ஏற்றிக் காட்டும். முதலில் சோகையைச் சரி செய்வோம். பிறகு பார்ப்போம்" என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் தம்பி."

கால் மணி நேரம் வெளியே நின்றேன். என்ன பேசினார்கள் என்று சித்தி பிறகுதான் சொன்னாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. ஒரு வருஷமாக மாத விலக்கில் ரத்தம் மிக அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. மாதத்தில் பத்து நாள்! யாரிடமும் சொல்லவில்லை. முதல் டாக்டர் ஆண் என்பதால் அவரிடமும் சொல்லவில்லை. "இதையெல்லாம் ஆம்பளை எதிரே எப்படிடா சொல்றது? வயசு ஆவுது, நின்னுடும்னு இருந்தேன்."

தேநீரைச் சொல்லவில்லை. இதையும் சொல்லவில்லை. ரத்தம் இரண்டையும் சொல்லிவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை.

மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறி, ராயபுரத்துப் பக்கம் பழைய சிறைச்சாலை சாலையில் இருக்கும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தக் காலத்தில் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று பெயர். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்தில் பிறந்த ஆஸ்பத்திரி அல்லவா! பிறகு கவர்னர் ஸ்டான்லியின் பெயர் வந்தது. வடசென்னை ஏழைகளுக்கு இன்றைக்கும் அதுதான் கதி. ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையில் ஒரு கட்டி. புற்று அல்ல, பல பெண்களுக்கு வருகிற சாதாரணக் கட்டிதான் என்றார்கள். ரத்தப்போக்குக்கு மருந்து கொடுத்தார்கள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே தேநீர் குடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தேநீர் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சம் பழச்சாறு சேரவைக்கும். மலம் கறுப்பாகப் போகும்; பயப்படக் கூடாது. நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தவும் கூடாது. முருங்கைக் கீரை, மீன், ஆட்டுச் சுவரொட்டி எல்லாம் சாப்பிடலாம். மீன் கூடாது என்று பத்தியம் சொன்ன மனிதரைச் சித்தி இப்போது தெருவில் பார்த்தால் விடுவதில்லை.

இதற்கெல்லாம் நிறையப் பணம் வேண்டுமே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சாதாரணச் சோதனைகளை இலவசமாகவே செய்கிறார்கள். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது கடலுக்குப் போயிருந்தேன், சந்தைக்குப் போயிருந்தேன் என்று விட்டுவிடாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி லேப்புக்குப் போனோம். ஹீமோகுளோபினும் மூன்று மாதச் சர்க்கரையும் மட்டும் பார்க்க வேண்டும் என்று சீட்டு. இவை இரண்டுக்கும் வெறும் வயிறு தேவை இல்லை.

அதே பெண் இருந்தாள். "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்டாள்.

சித்தி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். லேப் முழுவதும் கேட்கும்படிச் சொன்னாள்:

"நாலு இட்லி, மீன் கொழம்பு. ஒரு டீ. டீக்குச் சர்க்கரை அரைக் கரண்டிதான். எழுதிக்கோ கண்ணு!"

மாலையில் ரிப்போர்ட் வந்தது. சர்க்கரைக் கணக்கு 5.7. ஹீமோகுளோபின் 11.6. இன்னும் 12 ஆகவில்லை. மாத்திரை தொடர்கிறது.